ஒரே பெயர், இரண்டு நிரல்கள்



நிரல் எழுதுகிறவர்கள் தினமும் கையாண்டும் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு விஷயத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஒரே வேலையைச் செய்ய ஒரு மாட்யூலுக்கு இரண்டு நிரல்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த மொழியிலேயே எழுதப்பட்டது. மற்றொன்று, சி போன்ற மொழியில் எழுதி, கம்பைல் செய்து, இயந்திர நிரலாகவே வைத்திருப்பது. இந்த இரண்டையும் எங்கே வைப்பது, என்ன பெயர் சூட்டுவது, எது ஓட வேண்டும் என்று யார் முடிவு செய்வது? பைதானை வைத்தே பேசுகிறேன். பைதான் சமூகம் இந்தக் கேள்வியோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கிறது. அது எடுத்த முடிவுகளும், மாற்றிக்கொண்ட முடிவுகளும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைதானில் எழுதிய நிரல்தான் அந்த மாட்யூல் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான வரையறை. சி-யில் எழுதியது அதற்கு வேகம் கூட்ட வந்தது. கோப்பின் பெயரிலிருந்து டெஸ்ட் வரை எல்லா ஏற்பாடும் இந்த உறவைக் காப்பாற்றுவதற்காகவே இருக்க வேண்டும்.

இரண்டு வடிவங்கள் எதற்கு என்று இங்கே இருக்கிற மாணவர்கள் கேட்கலாம். பைதானில் இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால், இன்டர்பிரட்டர் அவை என்ன வகை என்று பார்க்கிறது, அந்த வகைக்குரிய கூட்டல் எது என்று தேடுகிறது, விடைக்காக நினைவகத்தில் ஒரு பொருளைத் தயார் செய்கிறது. கம்பைல் செய்த சி நிரலில் அதே கூட்டல் ஒரே ஓர் இயந்திரக் கட்டளையோடு முடிந்துவிடலாம். ஒருமுறை கூட்டினால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. கோடி முறை சுழலும் லூப்பில் அது நிமிடத்துக்கும் நொடிக்கும் உள்ள வித்தியாசம். 2012 செப்டம்பரில் பைதான் 3.3 வந்தபோது, துல்லியமான தசமக் கணக்குக்கான டெசிமல் மாட்யூலுக்கு ஸ்டீஃபன் கிரா எழுதிய சி வடிவம் சேர்ந்தது. தரவுத்தள வேலைகளில் சுமார் 10 மடங்கும், எண்கணக்கு மிகுந்த வேலைகளில் சுமார் 100 மடங்கும் வேகம் கூடியதாக அந்த வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. 2015-இல் வந்த 3.5-இல் ஆர்டர்டு டிக்ட் சி-க்கு மாறியபோது 4 முதல் 100 மடங்கு வரை. இப்படிப்பட்ட லாபத்தை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் சி-யில் மட்டும் எழுதிவிட்டால் போதாதா? போதாது. நாம் வழக்கமாகப் பயன்படுத்துவது சிபைதான். அதாவது சி-யில் எழுதிய இன்டர்பிரட்டர். பைதான் அது ஒன்றோடு முடிந்துவிடவில்லை. ஜாவா மேல் ஓடும் ஜைதான், டாட்நெட் மேல் ஓடும் அயர்ன்பைதான், ஓடும்போதே கம்பைல் செய்துகொள்ளும் பைபை ஆகியவையும் பைதான்தான். சிபைதானுக்காக எழுதிய சி நீட்சியை ஜைதான் அப்படியே எடுத்து ஓட்ட முடியாது. பைபை ஓர் இணக்க அடுக்கின் வழியாக அதை ஓட்டும். ஆனால் அந்த வழி மெதுவானது. தூய பைதானில் எழுதியதையே பைபை பல நேரங்களில் அதைவிட வேகமாக ஓட்டிவிடும். ஆக ஓரிடத்தில் வேகம் கூட்டுகிற அதே நிரல் இன்னோரிடத்தில் தடைக்கல்லாகிறது. இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். குவியல் என்கிற தரவமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பும் மாணவர் ஹீப்க்யூ மாட்யூலின் பைதான் கோப்பைத் திறந்து படிக்கலாம். அதில் உள்ள விளக்கக் குறிப்புகளே ஒரு நல்ல பாடம். சி கோப்பில் அந்தப் பாடம், நினைவகக் கணக்குவழக்குகளுக்கு நடுவே புதைந்து கிடக்கும்.

இனி வரலாறு. பைதான் 2 காலத்தில் பிக்கிள் என்று ஒரு மாட்யூல் இருந்தது, இன்றும் இருக்கிறது. நினைவகத்தில் உள்ள பொருளைப் பைட்டுகளாக்கிச் சேமித்து, பிறகு மீட்டெடுப்பது அதன் வேலை. அதன் பக்கத்திலேயே சிபிக்கிள் என்று இன்னொன்று. ஆயிரம் மடங்கு வரை வேகமாக இருக்கக்கூடும் என்று அதிகாரபூர்வ ஆவணமே சொன்னது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பயனருடையது. "முதலில் சிபிக்கிளை பிக்கிள் என்ற பெயரில் இம்போர்ட் செய்து பார்; கிடைக்காவிட்டால் பிக்கிளை எடுத்துக்கொள்" என்ற அந்த நான்கு வரியை எண்ணற்ற நிரல்களின் தலைப்பில் இன்றும் பார்க்கலாம். மாட்யூல் எழுதியவர் ஒரே ஒருமுறை எடுத்திருக்க வேண்டிய முடிவை ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு கோப்பிலும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதைவிட மோசமானது, இரண்டும் ஒன்றல்ல என்பது. பிக்கிளில் பிக்ளர் ஒரு கிளாஸ்; அதிலிருந்து உங்களுக்கான கிளாஸை வருவித்துக்கொள்ளலாம். சிபிக்கிளில் அதே பெயரில் இருந்தது வெறும் ஃபங்ஷன்; அதிலிருந்து எதையும் வருவிக்க முடியாது. சரத்தைக் கோப்பு போலக் கையாள உதவிய ஸ்ட்ரிங்ஐஓ, சிஸ்ட்ரிங்ஐஓ இரட்டையர் விஷயத்தில் தமிழர்களுக்கு நேரடிப் பாதிப்பே இருந்தது. சிஸ்ட்ரிங்ஐஓ, ஆஸ்கிக்குள் அடங்காத யூனிகோடு சரத்தை ஏற்காது. ஆங்கில உரையை வைத்துச் சோதித்து, வேகமாக இருக்கிறதென்று அதற்கு மாறிய ஒருவரின் நிரல், முதல் தமிழ்ச் சொல் வந்ததும் எரர் கொடுத்து நின்றுவிடும். மெதுவான வடிவத்திலோ அதே சொல் சிக்கலில்லாமல் போகும். வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர், தனக்குத் தெரியாமலே எந்த மொழிகள் தன் நிரலில் ஓடும் என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டார். இரண்டு வடிவங்கள் இரண்டு பெயர்களில் வாழ்ந்தால் அவை விலகிப் போவதைத் தடுக்க யாருக்கும் காரணம் இருப்பதில்லை.

2008 டிசம்பரில் வந்த பைதான் 3.0 இந்த இரட்டைப் பெயர்களை ஒழித்தது. பயனர் இம்போர்ட் செய்வது பிக்கிள் மட்டும். சி வடிவம் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது. பைதானில் பெயருக்கு முன் அடிக்கோடு இருந்தால் அது வெளியார் தொடக்கூடாத உள்விவகாரம் என்று பொருள். எக்ஸ்எம்எல் படிக்கும் எலிமென்ட்ட்ரீ இரட்டையருக்கு இந்த விடுதலை தாமதமாகத்தான் வந்தது. ஃப்ரெட்ரிக் லுண்டின் சிஎலிமென்ட்ட்ரீ 2006-இல் 2.5 பதிப்போடு நூலகத்துக்குள் வந்தது. 3.3-இல்தான் எலிமென்ட்ட்ரீயை இம்போர்ட் செய்தாலே சி வடிவம் தானாக வந்து அமரும் ஏற்பாடு நடந்தது. பழைய பெயர் முழுதாக நீங்கியது 2020-இல், 3.9-இல். ஒரு கூடுதல் பெயரை வெளியே விட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதற்கு இது சான்று.

இந்த அனுபவங்களை விதியாக்கியவர், பைதானை உருவாக்குபவர்களில் ஒருவரான பிரெட் கேனன். 2011 ஏப்ரலில் அவர் எழுதிய பெப் 399 என்ற முன்மொழிவு ஆவணத்தை, இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதன்படி, பைதானோடு வரும் நூலகத்தில் புதிதாகச் சேரும் மாட்யூல் எதுவானாலும் அதற்குத் தூய பைதான் வடிவம் இருந்தாக வேண்டும். சி வடிவம் வேண்டுமானால் கூட வரலாம். ஆனால் அது பைதான் வடிவத்தின் இடத்தில் அப்படியே பொருந்த வேண்டும். ஒரே டெஸ்ட் இரண்டின் மேலும் ஓட வேண்டும். அந்த டெஸ்ட், பைதான் வடிவத்தின் எல்லாக் கிளைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எஸ்க்யூலைட் போல வெளியே இருக்கும் சி நூலகம் ஒன்றுக்கு வாசலாக மட்டும் இருக்கும் மாட்யூல்களுக்கு விலக்கு உண்டு, அது நியாயமே.

விதி வந்தாயிற்று. கோப்புகளை எப்படி அடுக்குவது? பைதான் நூலகத்திலேயே மூன்று விதமான அடுக்குகளைப் பார்க்கிறேன்.

ஹீப்க்யூ செய்வது மிக எளிது. கோப்பு முழுக்கப் பைதான் ஃபங்ஷன்களை எழுதிவிட்டு, கடைசியில் அடிக்கோடு போட்ட சி மாட்யூலிலிருந்து எல்லாவற்றையும் இம்போர்ட் செய்கிறது. அது கிடைத்தால் அதே பெயர்களின் மேல் சி ஃபங்ஷன்கள் வந்து அமரும். கிடைக்காவிட்டால் பைதான் ஃபங்ஷன்களே இருக்கும். சின்ன மாட்யூலுக்கு இதுவே போதும். சி-யில் பாதி ஃபங்ஷன்கள் மட்டும் எழுதியிருந்தாலும் மீதி பைதானிலிருந்து தானாகக் கிடைக்கும்.

மாட்யூல் பெரிதானால் இந்த முறை பாரமாகிறது. டெசிமலின் பைதான் வடிவம் ஆறாயிரம் வரிகளை ஒட்டியது. 3.3-இல் அதுவும் இந்த முறையில்தான் இருந்தது. ஒவ்வொரு முறை இம்போர்ட் செய்யும்போதும் அத்தனை வரிகளும் ஓடி, கிளாஸ்களெல்லாம் உருவாகி, கடைசியில் சி வடிவம் கிடைத்தவுடன் அவை ஒவ்வொன்றாக அழிக்கப்படும். கட்டி முடித்த உடனே இடிக்கிற வேலை. பிறகு அதை மூன்றாகப் பிரித்தார்கள். டெசிமல் என்ற பெயரில் ஒரு மெல்லிய முன்கோப்பு. சி வடிவம் தனியே. பைதான் வடிவம் "பைடெசிமல்" என்ற பெயரில், அடிக்கோடு போட்டுத் தனியே. முன்கோப்பு ஒன்றை முயன்று, இல்லையென்றால் மற்றதை எடுக்கிறது. அவ்வளவுதான். தேதி, நேரத்துக்கான டேட்டைம் மாட்யூலும் 3.12-இல் இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. வெளியார் எழுதும் நூலகங்களில் மார்க்கப்சேஃப் இதைத்தான் செய்கிறது: வேகக் கோப்பு ஒன்று, பைதான் கோப்பு ஒன்று, இரண்டுக்கும் முன்னால் ஒரு வாசல்.

மூன்றாவது, ஜேசன் மாட்யூலின் வழி. அங்கே மாட்யூல் முழுவதற்கும் சி வடிவம் இல்லை. சரத்தை அலசும் ஃபங்ஷன், குறியாக்கும் உறுப்பு என்று சூடான இடங்களுக்கு மட்டும் சி துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் "சி இருந்தால் சி, இல்லாவிட்டால் பைதான்" என்று ஒரு தேர்வு. நேர்த்தியான சிக்கனம்தான். ஆனால் பயனருக்குத் தெரியாத வேகப் பள்ளங்கள் இதில் உண்டு. அழகாக உள்தள்ளி அச்சிடச் சொன்னால், பல பதிப்புகளில் சி குறியாக்கியை விட்டுவிட்டு நிரல் பைதான் வழியில் இறங்கிவிடும். ஒரே ஓர் ஆர்க்யுமென்ட் மாறியதற்கு இவ்வளவு தாமதமா என்று திகைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

புதிதாக ஒரு மாட்யூல் தொடங்குகிறவர் கேட்டால் இரண்டாவது முறையைத்தான் பரிந்துரைப்பேன். பைதான் வடிவத்துக்கென்று ஒரு கோப்பும் ஒரு பெயரும் இருந்தால்தான் அதை நினைத்த நேரத்தில் தனியாக எடுத்து ஓட்ட முடியும், டெஸ்ட் செய்ய முடியும். பெர்ல் உலகில் ஜேசன் பிபி, ஜேசன் எக்ஸ்எஸ் என்று பெயரிலேயே எது எந்த வகை என்று காட்டி, மேலே ஒரு தேர்வு மாட்யூலை வைக்கும் மரபு உண்டு. அதன் சாரமும் இதேதான். இதற்கு எதிரான வழியை, வைஏஎம்எல் கோப்புகளைப் படிக்கும் பைவைஏஎம்எல் நூலகத்தில் பார்க்கலாம். லிப்வைஏஎம்எல் என்ற சி நூலகம் கணினியில் இருந்தாலும், பெரும்பாலோர் அழைக்கும் சேஃப்லோடு பைதான் வழியில்தான் போகும். சி வேண்டுமானால் அதற்கென உள்ள லோடரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாதவர்களுக்கு அந்த வேகம் கையருகே இருந்தும் கிடைப்பதில்லை.

அடுக்குவதோடு வேலை முடிவதில்லை. இரண்டு வடிவங்களும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அங்கேதான் உண்மையான சங்கடங்கள் தொடங்குகின்றன. ஆகவே இதில் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஹீப்க்யூவையே எடுத்துக்கொள்வோம். பைதான் வடிவம், நீளம் சொல்லக்கூடிய, இடம் சொல்லி எடுக்கவும் வைக்கவும் முடிகிற எந்தப் பொருளையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சி வடிவம் லிஸ்ட்தானா என்று பார்த்து, இல்லையென்றால் டைப் எரர் கொடுத்துவிடும். ஆவணம் லிஸ்ட் என்றுதான் சொல்கிறது. அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பைபையில் ஓடிய நிரல் சிபைதானில் நின்றுபோகும். பெப் 399 இதற்கு ஒரு நல்ல வழி சொல்கிறது. சி நிரல் பொதுவான அணுகுமுறையிலேயே எழுதப்பட வேண்டும். வந்த பொருள் கலப்பில்லாத லிஸ்ட்தான் என்று உறுதியானால் மட்டும் குறுக்குவழியில் போகலாம். லிஸ்டிலிருந்து வருவித்த கிளாஸ் என்றால் அதன் சொந்த நடத்தையை மதித்துப் பொதுவழியில் போக வேண்டும்.

ஆபத்தின் அளவும் இரண்டிலும் வேறு. குவியலில் உறுப்புகளை ஒப்பிடும்போது, அந்த ஒப்பீட்டு ஃபங்ஷன் பயனர் எழுதியதாக இருக்கலாம். அது குவியலின் லிஸ்டையே சுருக்கிவிடலாம். பைதான் வடிவத்தில் அதிகபட்சம் ஓர் இண்டெக்ஸ் எரர் வரும். சி-யில் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட்டு ப்ராசஸே சரிந்துவிடலாம். அதனால்தான் ஹீப்க்யூவின் சி நிரல் ஒவ்வொரு ஒப்பீட்டுக்குப் பிறகும் லிஸ்டின் நீளம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. மாறியிருந்தால் ரன்டைம் எரர். கவனமாக எழுதிய சி நிரலின் பெரும்பகுதி இப்படிப்பட்ட எச்சரிக்கைகள்தான். வேகக் கணக்கு போடும்போது இந்த உழைப்பையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இன்னும் நுணுக்கமானது ஒன்று. பைதானில் எழுதிய ஃபங்ஷனை ஒரு கிளாஸுக்குள் பண்பாக வைத்து, பொருளின் வழியாக அழைத்தால், அது மெதடாக மாறும். முதல் ஆர்க்யுமென்டாக அந்தப் பொருளே தானாக உள்ளே போகும். சி-யில் எழுதிய ஃபங்ஷன் அப்படி மாறாது; கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒரு ஃபங்ஷனை சி-க்கு மாற்றியதும், அதைக் கிளாஸுக்குள் வைத்திருந்த யாரோ ஒருவரின் நிரல், சம்பந்தமில்லாத இடத்தில் ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை சரியில்லை என்று புலம்பும். இரண்டு வடிவங்களையும் ஒரே டெஸ்ட் கிளாஸில் ஓட்ட முயல்கிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

ஆர்க்யுமென்ட்களின் பெயர்களும் அப்படியே. பைதான் ஃபங்ஷனில் ஆர்க்யுமென்டைப் பெயர் சொல்லியும் கொடுக்கலாம். சி ஃபங்ஷன்கள் பலவற்றில் இட வரிசையில் மட்டுமே கொடுக்க முடியும். 2019-இல் வந்த பைதான் 3.8 வரை, "இதை இட வரிசையில்தான் கொடுக்க வேண்டும்" என்று பைதான் ஃபங்ஷனில் எழுத நேரான வழியே இல்லை. பெப் 570 ஒரு சாய்கோட்டைக் கொண்டு அந்த வழியைத் திறந்தது. பைதான் வடிவத்தையும் சி வடிவத்தையும் ஒரே அச்சில் வைக்க முடியவில்லை என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மொழியின் இலக்கணமே இந்த இரட்டை வாழ்க்கைக்காக வளைந்துகொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிக்கிள் செய்த பொருள்கள் தங்கள் கிளாஸ் எந்த மாட்யூலைச் சேர்ந்தது என்ற பெயரைக் கூடவே சுமந்து செல்லும். பைடெசிமலில் உருவான ஓர் எண், தன் வீடு பைடெசிமல் என்று எழுதிவைத்துவிட்டால், அந்தப் பெயரே இல்லாத வேறொரு பைதானில் அதைத் திறக்க முடியாது. ஆகவே அந்தக் கோப்பு தொடக்கத்திலேயே தன் பெயர் டெசிமல் என்று மாற்றி எழுதிக்கொள்கிறது. டேட்டைமின் பைதான் கோப்பும் அப்படியே. பார்க்கும்போது ஏதோ தந்திரம்போலத் தெரியும் அந்த ஒற்றை வரி, உள்ளே எந்த வடிவம் ஓடினாலும் வெளியே போகும் தரவில் அதன் தடம் பதியாமல் பார்த்துக்கொள்கிறது.

தமிழோடு தொடர்புள்ள ஒன்று இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். பைதானின் இன்ட் தமிழ் எண்களைப் படிக்கும். ௨௦௨௪ என்ற சரத்தைக் கொடுத்தால் 2024 என்று சரியாகவே சொல்லும். 2018-இல் 3.7 பதிப்பில், ஐஎஸ்ஓ வடிவத் தேதியைப் படிக்கும் ஃபங்ஷன் டேட்டைமுக்கு வந்தது. பைதான் வடிவம் சரத்தை வெட்டி, துண்டுகளை அப்படியே இன்டிடம் கொடுத்தது. சி வடிவமோ ஒவ்வொரு பைட்டையும் எடுத்து, சுழியத்திலிருந்து ஒன்பதுக்குள் இருக்கும் ஆஸ்கி எண்ணா என்று பார்த்தது. விளைவு, தமிழ் எண்களில் எழுதிய ஆண்டை பைதான் வடிவம் ஏற்றுக்கொண்டது. சி வடிவம் வேல்யூ எரர் என்று மறுத்தது. வருவது ஆஸ்கியாகவே இருக்கும் என்று பைதான் நிரலில் ஒரு குறிப்பு இருந்தது. அதைச் சரிபார்க்கும் வரி இருக்கவில்லை. இரண்டில் எது சரி? ஐஎஸ்ஓ விதிப்படி சி வடிவம்தான் சரி. பைதான் வடிவம்தான் வரையறை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இது முரணா? இல்லை என்பேன். வரையறை என்றால் அது எழுதிய கணத்திலேயே குறையற்றது என்று பொருளில்லை. வேறுபாடு தெரிந்ததும் எது சரியென்று விவாதித்து, திருத்தத்தை அந்த இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்றே பொருள். இப்படிப்பட்ட வேறுபாட்டை ஆங்கில எண்களால் மட்டும் எழுதிய டெஸ்ட் என்றைக்கும் பிடிக்காது. தமிழ், தேவநாகரி, அரபு எண்களை டெஸ்ட்டில் சேர்க்கிறவர்தான் பிடிப்பார். அந்த வேலைக்கு இந்த அரங்கில் இருப்பவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்?

டெஸ்ட் என்று வந்ததால் அதன் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். பைதானின் சொந்த டெஸ்ட் கருவிகளில், ஒரு மாட்யூலைப் புதிதாக இம்போர்ட் செய்யவும், அப்போது குறிப்பிட்ட துணை மாட்யூல் கிடைக்காதபடி மறிக்கவும் ஒரு ஃபங்ஷன் உண்டு. அதைக் கொண்டு ஹீப்க்யூவை இரண்டு முறை ஏற்றுகிறார்கள்: சி துணையோடு ஒருமுறை, அதை மறித்து ஒருமுறை. டெஸ்ட்கள் எல்லாம் ஒரே அடிப்படைக் கிளாஸில் இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டு சின்னக் கிளாஸ்கள், எந்த மாட்யூலின் மேல் ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். ஒரு டெஸ்ட்டை ஒருமுறை எழுதினால் இருமுறை ஓடும். இதோடு இன்னொரு சிறிய டெஸ்ட்டும் உண்டு. அதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். சி வடிவம் என்று நாம் நினைக்கும் ஃபங்ஷன் உண்மையிலேயே சி மாட்யூலிலிருந்து வந்ததா என்று சரிபார்ப்பது. இது இல்லாவிட்டால், சி கோப்பு கம்பைல் ஆகாமல் போன நாளில் பைதான் வடிவமே இரண்டு முறை ஓடி, எல்லாம் பச்சை விளக்காகத் தெரியும்.

ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் பெற்றுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நினைக்கலாம். அதற்கும் வழிகள் உண்டு. 2007-இல் பைரெக்ஸிலிருந்து கிளைத்த சைதான், சாதாரணப் பைதான் கோப்பையே சி-யாக மாற்றிக் கம்பைல் செய்யும். மைபைசி, வகைக் குறிப்புகள் எழுதிய பைதான் நிரலைக் கம்பைல் செய்யும்; மைபை என்ற வகைச் சோதிப்பான் 2019 முதல் இப்படிக் கம்பைல் ஆகித்தான் வருகிறது, சுமார் 4 மடங்கு வேகம் பெற்றிருக்கிறது. எனக்கு இந்த வழியில் மதிப்பு அதிகம். ஆனால் மூலம் ஒன்றாக இருப்பதால் நடத்தையும் ஒன்றாகிவிடும் என்று நம்பிவிடக்கூடாது. மைபைசி கம்பைல் செய்த நிரல் வகைக் குறிப்புகளை ஓடும்போதே அமல்படுத்தும். எண் என்று சொன்ன இடத்தில் சரம் வந்தால் டைப் எரர். இன்டர்பிரட்டர் அதைக் கண்டுகொள்ளாது. சைதானில் ஒரு மாறியை சி முழுஎண் என்று அறிவித்துவிட்டால், பைதானின் எல்லையற்ற எண் அங்கே எல்லைக்குள் வந்துவிடும். அளவு மீறினால் சத்தமில்லாமல் தவறான விடை. ஆகவே இங்கும் இருமுறை டெஸ்ட்தான்.

இந்த வழியில் கோப்பு அடுக்கு சார்ந்த ஒரு கண்ணியும் உண்டு. கம்பைல் ஆன கோப்பும் பைதான் கோப்பும் ஒரே அடைவில், ஒரே பெயரில், வேறு வேறு நீட்டிப்போடு இருக்கும். இம்போர்ட் செய்யும்போது பைதான் முதலில் கம்பைல் ஆன நீட்சியைத் தேடும், அதற்குப் பிறகே மூலக் கோப்பு, கடைசியில் பைட்கோடு. பைதான் கோப்பைத் திருத்திவிட்டு ஓட்டுகிறோம், எதுவும் மாறவில்லை. மறுபடி திருத்துகிறோம், அச்சிட்டுப் பார்க்கிறோம், எதுவும் வரவில்லை. பழைய கம்பைல் கோப்பு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாட்யூலின் ஃபைல் பண்பை அச்சிட்டால் ஒரு நொடியில் விளங்கிவிடும். இதைத் தவிர்க்க, கம்பைல் ஆன கோப்புகள் மூல அடைவுக்கு வெளியே பில்ட் அடைவில் மட்டும் விழும்படி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

பயனரின் கணினிக்குப் போய்ச் சேர்வது பற்றியும் சொல்ல வேண்டும். பைதான் பொதிகள் இப்போது வீல் என்ற வடிவில் பயணிக்கின்றன. எங்கும் ஓடும் தூய பைதான் வீல் ஒன்று. லினக்ஸுக்கு, விண்டோஸுக்கு, மேக்குக்கு என்று கம்பைல் செய்த வீல்கள் தனித்தனி. பொதிகளை நிறுவும் கருவியான பிப், தன் கணினிக்குப் பொருந்துவதை எடுக்கும். கம்பைல் ஆனது எதுவும் பொருந்தாவிட்டால் தூய வீலை எடுக்கும். இரண்டு வகையையும் வெளியிடுகிறவர் யாரையும் கைவிடுவதில்லை. உலாவிக்குள் பைதானை ஓட்டும் பயோடைடில், அதற்கெனத் தனியே கம்பைல் செய்யாத பொதிகளில் தூய வீல்கள் மட்டுமே ஓடும். மெதுவான வடிவத்தை வீண் சுமை என்று நீக்கிவிட்டவர்களின் பயனர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

அமைதியாகப் பின்வாங்குவதில் ஓர் அபாயம் இருக்கிறது. இம்போர்ட் எரர் எது வந்தாலும் விழுங்கிவிட்டுப் பைதான் வடிவத்துக்குப் போ என்று எழுதுவது வழக்கம். சி கோப்பு இல்லவே இல்லை என்பது ஒன்று. கோப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு வேண்டிய வேறொரு நூலகம் பொருந்தவில்லை என்பது மற்றொன்று. முதலாவது இயல்பு. இரண்டாவது பழுது. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால், சர்வர் ஒருநாள் காரணமில்லாமல் பல மடங்கு மெதுவாகும். பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. பைதான் 3.6 முதல் மாட்யூல்நாட்ஃபவுண்ட் எரர் என்று தனி எரர் வந்துவிட்டது. அதை மட்டும் பிடியுங்கள், மற்றதை வெளியே விடுங்கள். எந்த வடிவம் ஓடுகிறது என்று பயனர் கேட்டால் மாட்யூல் பதில் சொல்ல வேண்டும். பைதான் வடிவத்தைத்தான் ஓட்டு என்று சூழல் மாறி வழியாகக் கட்டாயப்படுத்தவும் முடிய வேண்டும். ஸோப் குடும்பத்து நூலகங்களும் மல்டிடிக்ட்டும் புரோட்டோபஃப்பும் அப்படி ஒரு மாறியை வைத்திருக்கின்றன. ஒரு பழுது சி நிரலில் இருக்கிறதா, கருத்திலேயே இருக்கிறதா என்று கண்டறிய அதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

கடைசியாக, இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒன்று. சாம் கிராஸ் முன்வைத்த பெப் 703-இன்படி, ஒரே நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைதானை ஓட்ட அனுமதிக்கும் ஜில் என்ற பூட்டு இல்லாத பில்ட், 2024 அக்டோபரில் 3.13-ஓடு சோதனை நிலையில் வந்தது. அந்த பில்டில் ஒரு சி நீட்சி, பூட்டு இல்லாமலும் தன்னால் பாதுகாப்பாக ஓட முடியும் என்று தானே அறிவிக்க வேண்டும். அறிவிக்காத நீட்சி ஒன்றை இம்போர்ட் செய்தால், பைதான் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு அந்த ப்ராசஸ் முழுவதற்கும் பூட்டை மறுபடி போட்டுவிடும். வேகத்துக்காகச் சேர்த்த ஒரு சிறு கோப்பு, எல்லா த்ரெட்களின் வேகத்தையும் கட்டிப்போட்டுவிடும். அவசரமாக அறிவிப்பை மட்டும் போட்டுவிடுவது அதைவிடக் கெடுதல். பூட்டை நம்பி எழுதிய சி நிரல் அப்போது தரவைக் குலைக்கும். பைதான் வடிவத்தைத் தனிக் கோப்பில் உயிரோடு வைத்திருப்பவருக்கு மட்டும் இங்கே அவகாசம் இருக்கிறது. அந்த பில்டுக்கென்று கம்பைல் செய்த வீலை வெளியிடாமல் விட்டால் பிப் தூய வீலை எடுத்துக்கொள்ளும். சி நிரலை வரி வரியாகச் சரிபார்த்து முடிக்கும்வரை, பயனர்கள் தங்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் பைதான் வடிவத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம்.